ஓர் இரவு ஆறிய நெல்

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அந்த மூட்டையின் ஈரம் பதின்மூன்று தசம் நான்கு வீதம். திங்கள் காலை ஏழரை மணிக்கு அதே மூட்டையின் ஈரம் பதினைந்து தசம் ஒன்று.

இரவு மழை இல்லை. களஞ்சியக் கூரை ஒழுகவில்லை. மூட்டை தரையைத் தொடாமல் இரண்டு மரக்கட்டைகளின் மேல் நின்றிருந்தது. தைத்த வாய் தைத்தபடியே இருந்தது. சிவரூபி குத்தூசியால் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் நெல் எடுத்து மூன்று தரம் அளந்தாள். மூன்றும் பதினைந்தை ஒட்டியே வந்தன. மீற்றரின் பற்றறியைக் கழற்றிப் புதிது போட்டு நான்காவது தரம் அளந்தாள். பதினைந்து தசம் ஒன்று.

மீற்றர் என்பது தேநீர்க் கோப்பை அளவான ஒரு கிண்ணம். அதற்குள் நெல்லைக் கொட்டி மூடியை இறுக்கினால், இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவே மிகச் சிறிய மின்சாரம் நெல்லின் ஊடாகப் போகும். ஈரமான நெல் மின்சாரத்தைச் சுலபமாக விடும், காய்ந்த நெல் மறிக்கும். எவ்வளவு மறித்தது என்பதை வைத்துக் கருவி ஈரத்தைக் கணித்துக் காட்டும். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆனால் இரவோடிரவாக ஒரு மூட்டைக்குள் ஒரு போத்தல் தண்ணீர் எப்படி வரும்? அறுபது கிலோவில் ஏறக்குறைய இரண்டு வீதம் என்றால் ஒரு லீற்றருக்கு மேல். அவள் கைக்கணிப்பியில் இரண்டு தரம் போட்டுப் பார்த்துவிட்டு, களஞ்சியச் சாவியின் நூலை விரலில் சுற்றியபடி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். மேசையில் வைத்த தேநீரில் ஆடை படர்ந்தது.

நெல்லை அடுக்கி வைப்பதற்கு உச்ச வரம்பு பதினான்கு. அதற்கு மேலே போனால் மூட்டைக்குள் சூடு பிடிக்கும், பூஞ்சணம் பிடிக்கும், அரிசி மஞ்சளாகும். கண்டாவளைப் பக்கத்துப் பெண் விவசாயிகள் நூற்றுப் பத்துப் பேர் சங்கமாகச் சேர்ந்து நடத்தும் இந்தக் களஞ்சியத்தில் போன வருடம் நாற்பத்திரண்டு மூட்டைகள் அப்படித்தான் போயின. ஒவ்வொன்றையும் வாங்கும்போது அளந்தவள் களஞ்சியப் பொறுப்பாளரான சிவரூபி. புத்தகத்தில் எல்லாமே பதின்மூன்று என்றுதான் எழுதியிருந்தாள். எவருமே அவளை நேரே திட்டவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருத்தி, ஸ்டோருக்குள் தண்ணி விடுறதுக்கும் ஆள் வச்சிருக்கினமோ என்று கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். இந்த வருடமும் பழுதானால் களஞ்சியத்தை மூடிவிடுவது என்று அந்தக் கூட்டமே முடிவெடுத்திருந்தது. மூடினால் வெட்டின கையோடு வயல் வரம்பிலேயே லொறிக்காரருக்கு அவர் சொன்ன விலைக்கு விற்க வேண்டும். மூன்று மாதம் வைத்திருந்து நல்ல விலைக்கு விற்கும் பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இதற்குள் இன்னொரு அவசரமும் இருந்தது. களஞ்சியத்துக்கு உபகரணம் வாங்க ஓர் உதவி நிறுவனம் ஒரே ஒரு தடவை பணம் தர ஒப்புக்கொண்டிருந்தது. என்ன வாங்குவது என்று சங்கம் முடிவு செய்து, தலைவியின் கையெழுத்தோடும் மூன்று கடைகளின் விலைமனுக்களோடும் வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குள் அனுப்ப வேண்டும். தலைவி விமலேஸ்வரி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். சுவருக்கு நான்கு பெரிய காற்று விசிறிகள். இரவுப் பனி களஞ்சியத்துக்குள் இறங்கி நெல்லை ஈரமாக்குகிறது, விசிறி அதை வெளியே தள்ளும் என்பது அவர் கணக்கு. நேற்று மாலை வரைக்கும் சிவரூபியின் கணக்கும் அதுதான்.

ஆனால் பனி இறங்கியிருந்தால் மூட்டையின் வெளிப்புறம் அல்லவா முதலில் நனைய வேண்டும்? சாக்கைத் தடவினாள். காய்ந்திருந்தது. நடு நெல்தான் அதிக ஈரமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை விசிறிக்கு விலை கேட்க வவுனியாவுக்குப் போகவேண்டியிருந்தது. அவள் மீற்றரையும் எடுத்துக்கொண்டாள். திங்கள் மாலை வந்த ஒரு மூட்டையில் பதின்மூன்று தசம் மூன்று காட்டிய நெல்லில் அப்போதே இரண்டு சிரங்கை அள்ளி, தடித்த பொலித்தீன் பை ஒன்றில் காற்றுப் போகாமல் முடிந்து வைத்திருந்தாள்; அதையும் கைப்பைக்குள் வைத்தாள். பரந்தன் சந்தியில் ஏறிய பஸ்ஸில் இருக்கை கிடைத்தும் அவளால் சாய்ந்திருக்க முடியவில்லை. மாங்குளம் வரைக்கும் பையைத் திறப்பதும் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பதுமாக வந்தாள். பக்கத்தில் இருந்த பெண், மருந்து ஏதும் கொண்டு போறீங்களோ என்று விசாரித்தாள். நெல் என்றதும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடையில் நிருஷன் என்ற விற்பனையாளன் அவளுக்காகவே காத்திருந்தவன்போல ஒரு புதிய மீற்றரைப் பெட்டி உடைத்து எடுத்தான். பச்சைத் திரை, நினைவில் நூறு அளவுகள், விலை பழையதைப்போல ஆறு மடங்கு. சிவரூபி நெல் பழுதாகும் கதையையும் பழைய மீற்றர் நேற்றுப் பதின்மூன்று காட்டியதையும் சொல்லி, பொலித்தீன் பையை அவிழ்த்து நெல்லைக் கொடுத்தாள். பதினைந்து.

"பாத்தீங்களோ அக்கா," என்றான் நிருஷன். "உங்கட பழசு பதின்மூண்டு எண்டது. ரெண்டு வீதம் பிழை. அதுதான் உங்கட நெல் பழுதாகினது. விசிறியோட இதையும் சேத்து எடுத்தீங்களெண்டா பிறகு யோசனையே இல்லை."

அவள் தன் பழைய மீற்றரை மேசையில் வைத்து, அதே நெல்லை அதில் கொட்டி இறுக்கினாள். பதினான்கு தசம் ஒன்பது.

நிருஷன் இரண்டு திரைகளையும் மாறிமாறிப் பார்த்தான். "இது இப்ப சரியாச் சொல்லுது," என்றான், கொஞ்சம் மனக்குறையோடு.

"நேற்றும் சரியாத்தான் சொல்லியிருக்குது, தம்பி."

பிறகுதான் அவள் காலியான பொலித்தீன் பையைக் கவனித்தாள். உள்பக்கம் முழுவதும் நுண்ணிய நீர்த்துளிகள். நேற்று மாலையில் இருந்து முடிந்திருந்த பை. பனி அதற்குள் போக வழியே இல்லை. அந்தத் தண்ணீர் வெளியிலிருந்து வரவில்லை. நெல்லிலிருந்து வந்தது.

விசிறியின் விலைமனுவை அவள் கேட்டு வாங்கினாள், ஆனால் மனம் அதில் இல்லை. கடையின் பின்பக்கத்தில் ஒருவர், உரமூட்டைகள் பதினெட்டை ஒரு பிளாஸ்ரிக் தட்டில் அடுக்கி, இரும்பு நாக்குகள் இரண்டு நீட்டிக்கொண்டிருந்த வண்டியால் தூக்கி, ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு போனார். அதைக் கண்டும் காணாதவளாக பஸ் பிடிக்க ஓடினாள்.

புதன்கிழமை அவளுக்கு ஐந்து ஜாம் போத்தல்கள் தேவைப்பட்டன. ஒரே போத்தலை மறுபடி மறுபடி திறந்தால் ஈரம் வெளியே போய்விடும். ஆகவே ஐந்து போத்தல், ஒவ்வொன்றும் ஒரே ஒரு தரம் திறப்பதற்கு. பகல் பதினொரு மணிக்கு, களஞ்சியத்துக்கு முன்னால் தார் றோட்டில் யாரோ காயப் பரவியிருந்த நெல்லில் சூட்டோடு அள்ளி அளந்தாள். பதின்மூன்று தசம் இரண்டு. ஐந்து போத்தல்களிலும் நிரப்பி இறுக்கி மூடி நிழலில் வரிசையாக வைத்தாள்.

மாயாண்டி வந்து பார்த்தார். களஞ்சியத்தில் மூட்டை சுமக்கும் ஆறு நாட்டாமைகளுக்கு அவர்தான் தலைவர். தகப்பனோடு குழந்தையாக மலையகத்துத் தோட்டத்திலிருந்து வந்து விசுவமடுவில் வளர்ந்தவர்.

"என்ன தங்கச்சி, நெல்லுல ஊறுகாய் போடுறீங்களா?"

"ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு போத்தல் திறக்கப்போறன், அண்ணை."

"போன வருசம் நாப்பத்திரண்டு மூட்டை. இந்த வருசம் அஞ்சு போத்தல். முன்னேற்றந்தான்."

பன்னிரண்டு மணிக்கு முதற்போத்தல்: பதின்மூன்று தசம் எட்டு. ஒரு மணிக்கு இரண்டாவது: பதினான்கு தசம் இரண்டு. அவள் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்காமல் நின்றுகொண்டே இருந்தாள். இரண்டு மணிக்கு: பதினான்கு தசம் ஐந்து. மூன்றுக்கு: பதினான்கு தசம் ஏழு. நான்குக்கு: பதினான்கு தசம் எட்டு. முதலில் தாவித் தாவி ஏறி, பிறகு மெல்ல மெல்ல நிதானித்து நின்றது. மூடிய போத்தலுக்குள், எங்கிருந்தும் ஒரு சொட்டுத் தண்ணீர் சேராமல்.

அப்போதுதான் அவளுக்கு முழுவதும் விளங்கியது. நனைந்த தலையணையை வெயிலில் போட்டால் மாலையில் உறை முறுகக் காய்ந்திருக்கும், உள்ளே பஞ்சு ஈரமாக இருக்கும். காலையில் தொட்டால் உறையும் ஈரமாகிவிடும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, பஞ்சின் ஈரம் வெளியே நடந்து வந்திருக்கிறது. நெல்மணியும் அப்படித்தான். தார் றோட்டின் சூடு வெளித்தோலை ஒரே நாளில் காய்ச்சிவிடுகிறது. நடு அரிசியில் இருக்கும் தண்ணீர் வெளியே வர மணிக்கணக்காகும். மீற்றரின் மின்சாரமோ ஒரு நெல்மணியிலிருந்து அடுத்த நெல்மணிக்குத் தாவி, தோலோடு தோலாகத்தான் பெரும்பாலும் போகிறது. ஆகவே மாலையில் அது தோலின் ஈரத்தைச் சொல்கிறது. காலையில் நெல்மணி முழுவதன் ஈரத்தைச் சொல்கிறது. இரண்டுமே உண்மை. களஞ்சியத்துக்கு வேண்டியது காலையின் உண்மை.

இங்கே எல்லோரும் செய்வது அதற்கு நேர்மாறு. மாலை நாலரைக்கு நெல்லைக் கூட்டி, பனி விழுமுன் சாக்கில் கட்டி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி, சூடு ஆறாமல் களஞ்சியத்துக்குக் கொண்டு வருவார்கள். வந்ததும் சிவரூபியின் கையைப் பிடித்து மூட்டையின் மேல் வைப்பார்கள். சுடுது பாருங்கோ, நல்லாக் காய்ஞ்சிட்டுது என்பார்கள். அவளும் சுட்டால் காய்ந்தது என்றே நம்பினாள். சூடு குறையுமுன் வாங்கி உள்ளே அடுக்குவதுதான் சுறுசுறுப்பு என்று நினைத்திருந்தாள். நாற்பத்திரண்டு மூட்டைகளையும் வெந்நீர்ப் போத்தல்போல அவளே உள்ளே வைத்து மூடியிருக்கிறாள்.

விசிறி இதற்கு உதவாது. அது மூட்டைகளுக்கு இடையே உள்ள காற்றை அசைக்கும், மூட்டைக்குள் தைத்து மூடிய ஈரத்தைத் தொடாது. இரவில் ஓடவிட்டால் வெளிப்பனியையும் உள்ளே இழுத்து வரும்.

வேண்டியது வேறு. மாலையில் வரும் மூட்டைகள் முன்விறாந்தையில் ஓர் இரவு நிற்க வேண்டும், காலையில் அளந்து உள்ளே எடுக்க வேண்டும். அவள் இதை மாயாண்டியிடம் சொன்னதும் அவர் சிரிப்பதை நிறுத்தினார்.

"ஒரு மூட்டைய ரெண்டு தரம் தூக்கச் சொல்லுறீங்க. மாலையில இறக்குறது ஒரு தரம். காலையில உள்ள கொண்டுபோறது ரெண்டாவது தரம். கூடுன நாளுல இருநூத்தம்பது மூட்டை. நாங்க ஆறு பேரு. காசுக்காகச் சொல்லல்ல தங்கச்சி, இடுப்புக்காகச் சொல்லுறேன்."

அவள் களஞ்சியத்துக்குள் போய் மூட்டைகளைச் சுற்றி நடந்தாள். மூன்றாவது சுற்றில், வவுனியாக் கடையின் பின்பக்கத்தில் பதினெட்டு மூட்டைகளை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு போன மனிதர் அவள் கண்முன் வந்தார்.

தொலைபேசியில் நிருஷனைப் பிடித்து அரை மணித்தியாலம் கேள்வி கேட்டாள். அந்தத் தட்டை அவர்கள் பலட் என்பார்கள். பாவித்த மரப் பலட் எத்தனை கிடைக்கும்? அடிப்பக்கம் திறந்ததா, பலகை அடித்து மூடியதா? வண்டியின் நாக்குக்குக் கீழே சின்னச் சக்கரங்கள் இருக்கின்றன. கைப்பிடியை மேலும் கீழும் பம்ப் அடிக்கும்போது நாக்கு உயர்வதற்கு அந்தச் சக்கரங்கள் தரையை மிதிக்க வேண்டும். அடிப்பக்கம் மூடிய பலட்டில் சக்கரம் அந்தப் பலகையைத்தான் மிதிக்கும், பலட் எழும்பாது, பலகைதான் உடையும். நிருஷன் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்து, சிலது மூடினது, சிலது திறந்தது என்றான். திறந்தது மட்டும் வேண்டும் என்றாள். சக்கரத்தின் உயரம் என்ன என்று கேட்டாள். மூன்று அங்குலம். அவள் அளவுநாடாவோடு வாசலுக்கு ஓடினாள். களஞ்சிய வாசலில் மழைத்தண்ணீர் உள்ளே வராமல் கட்டிய வரம்பு இரண்டு அங்குலம் உயரம். அந்தச் சின்னச் சக்கரம் அதில் ஏறாது.

"ரெண்டு பக்கமும் சீமெந்துல சரிவு வச்சா ஏறும்," என்றார் பின்னால் வந்து நின்ற மாயாண்டி. "நீளமான சரிவா வைக்கணும். அது நம்ம பொறுப்பு." பிறகு, "மெய்யாவே ஒரு ஆளு இழுப்பானா, ஆயிரம் கிலோவ?" என்று கேட்டார்.

இழுத்ததைக் கண்டேன் என்றாள். மூட்டையைப் பெட்டியிலிருந்து இறக்கும்போதே பலட்டில் அடுக்க வேண்டியது, அவ்வளவுதான். ஒரு வரிசைக்கு மூன்று, ஆறு வரிசை, நெஞ்சுயரத்துக்கு மேலே போகாது. விறாந்தையில் நிற்பதும் அந்தப் பலட்டில், உள்ளே போவதும் அந்தப் பலட்டோடு, மூன்று மாதம் இருப்பதும் அதே பலட்டில். மனிதர் தூக்குவது ஒரே தரம். முன்பு தலைக்கு மேலே பத்து வரிசைக்கு ஏணி வைத்து ஏற்றியதும் இனி இல்லை. மாயாண்டி யோசித்துவிட்டு, அப்படியென்றால் முழு மூட்டைகளுக்கும் இடம் காணாதே என்றார். அவள் சோக்கட்டியால் தரையில் கட்டம் போட்டாள், நடைபாதையும் விட்டு. ஆயிரத்தைந்நூறு மூட்டைக்கு எண்பத்திநான்கு கட்டம் வேண்டும். எண்பத்தொன்பது வந்தது. பொழுது சாயும்போது அவள் உள்ளங்கைகளும் முழங்கால்களும் வெள்ளையாக இருந்தன. நிருஷனின் கடையும் மற்ற இரண்டு கடைகளும் பலட்டுக்கும் வண்டிக்குமான விலைமனுவைத் தொலைபேசிக்கு அனுப்பியிருந்தன. விசிறிக்கு ஒதுக்கிய தொகைக்குள் அடங்கியது.

இனி விமலேஸ்வரியின் கையெழுத்து.

வியாழன் பதினொன்றரை மணிக்கு விமலேஸ்வரி வந்தார். முன்னாள் உப தபாலதிபர். கையெழுத்துப் போடும் பேனையைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுத்தான் உட்காருவார். சிவரூபி நின்றபடியே சொன்னதை முழுவதும் கேட்டார்.

"நாப்பது வருசமா நெல் காயவிடுறன்," என்றார். "இப்ப நீர் எனக்கு நெல் காயிறதைப் படிப்பிக்கிறீர். சனம் பின்னேரம் நெல்லைக் கொண்டுவந்து துண்டோட போகத்தான் பாக்குங்கள். நாளைக்கு வாங்கோ எண்டு சொன்னா, சந்தியில நிக்கிற லொறிக்காரனிட்டப் போவினம். அது தெரியாதோ உமக்கு?"

மூட்டை எண்ணிக்கை எழுதிய பற்றுத்துண்டை மாலையிலேயே கொடுக்கலாம், ஏற்றுக்கொண்டதற்கான துண்டைக் காலையில் கொடுக்கலாம் என்று சிவரூபி சொன்னாள். அளவு வரம்புக்கு மேல் வந்தால் களஞ்சிய முற்றத்திலேயே படங்கு விரித்து அரை நாள் காயவிடலாம். முந்தின நாள் மாலை நெல் நிரப்பி மூடி அவள் நீட்டிய போத்தலின் உட்பக்க நீர்த்துளிகளை விமலேஸ்வரி பார்த்தார்.

"கழுவின போத்தலோ?"

"இண்டைக்கு உங்கட நெல்லும் றோட்டிலதானே கிடக்குது அக்கா. நீங்களே அள்ளுங்கோ. நீங்களே துடைச்சு, நீங்களே மூடுங்கோ. நான் கை வைக்கேல்லை."

விமலேஸ்வரி எழுந்து போய்த் தன் நெல்லின் நடுவிலிருந்து அள்ளினார். அளந்தார். பதின்மூன்று தசம் ஆறு. போத்தலைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்து, நிரப்பி, மூடியை இறுக்கி, கைப்பைக்குள் வைத்துப் பையின் சிப்பையும் இழுத்துவிட்டார். இரண்டரைக்கு வாறன் என்று சொல்லிப் போனார்.

சிவரூபிக்கு அந்த மூன்று மணித்தியாலமும் போகவில்லை. விசிறிக் கடிதத்தையும் பலட் கடிதத்தையும் அருகருகே வைத்தாள், இடம் மாற்றினாள், இரண்டின் மேலும் பாரம் வைத்தாள். விமலேஸ்வரியின் நெல் நான்கு நாள் காய்ந்ததாக இருந்தால்? நடுமணியும் உண்மையாகவே காய்ந்திருந்தால் அளவு ஏறாது, தான் பொய்க்காரி ஆவாள். மாயாண்டி வாசல் வரம்பில் சீமெந்துச் சரிவுக்குக் கோடு கீறிக்கொண்டிருந்தார். இன்னும் முடிவாகவில்லை என்று அவள் சொன்னதும் கோட்டைக் காலால் அழிப்பதுபோல நடித்துவிட்டு மறுபடி கீறினார்.

இரண்டு முப்பத்தைந்துக்கு விமலேஸ்வரி வந்து போத்தலை மேசையில் வைத்தார். கண்ணாடியின் உட்பக்கம் மங்கியிருந்தது. அவரே மூடியைத் திறந்து மீற்றரில் கொட்டினார். பதினான்கு தசம் ஏழு.

அவர் கிண்ணத்து நெல்லைத் திரும்பப் போத்தலில் கொட்டினார்.

"முந்தநாள் பின்னேரம் நான் முப்பது மூட்டை தந்தனான்," என்றார்.

"ஓம் அக்கா. உள்ளுக்க மூண்டாவது அடுக்கில நிக்குது."

"மாயாண்டியைக் கூப்பிடும். வெளியில எடுக்கச் சொல்லும்." பேனையின் மூடியைக் கழற்றினார். "எந்தக் கடிதம்?"

இரண்டு ஐம்பதுக்குப் பலட் கடிதம் அனுப்பப்பட்டது.

பதினொரு நாளில் எண்பத்தைந்து பலட்டுகளும் ஒரு வண்டியும் லொறியில் வந்திறங்கின. அதற்கிடையில் விறாந்தையில் கட்டைகள் போட்டுச் சமாளித்தார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்ததையும் அளந்து, ஈரமானதை வெயிலுக்கு எடுத்தார்கள். மாயாண்டி மூன்று தரம் சுமந்த மூட்டையும் அதில் உண்டு, அதை அவர் பலமுறை சொல்லிக்காட்டினார். பலட் வந்த முதல் மாலை இருநூற்று ஐம்பத்திரண்டு மூட்டைகள் விறாந்தையில் நின்றன. காலையில் ஐம்பத்தெட்டு மூட்டைகள் ஈர வரம்பைத் தாண்டியிருந்தன, அவை படங்குக்குப் போயின. மற்றவற்றை மாயாண்டி ஒற்றைக் கையால் சரிவில் ஏற்றி உள்ளே இழுத்தார். மூன்று வாரம் கழித்துக் குத்தூசி போட்டுப் பார்த்தபோது உள்ளே போனவை எல்லாம் போன அளவிலேயே இருந்தன. லொறிக்காரரிடம் போனவர்கள் ஆறு பேர், அதில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள்.

களஞ்சியக் கதவில் சிவரூபி ஒரு மட்டையில் எழுதித் தொங்கவிட்டாள்:

மாலையில் வரும் நெல் விறாந்தையில் பலட்டில் ஓர் இரவு ஆறும். ஈரம் காலை ஏழரை மணிக்கு அளக்கப்படும். பதினான்கோ அதற்குக் குறைவோ என்றால் பலட்டோடு உள்ளே போகும். கூடினால் முற்றத்துப் படங்கில் காய்ந்து, மறுநாள் காலை மறுபடி அளக்கப்படும். சூடான மூட்டை உள்ளே எடுக்கப்படமாட்டாது.